காரில் எலும்புக்கூட்டுச் சாமி: வேலையை விட்டு நிறுத்தலாமா?

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கிறோம். என் மாமியாருக்கு 78 வயது. ஒன்றரை வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் பாதிதான் வருகிறது. பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி மூலமாக ஒரு மெக்சிகோக்கார அம்மா 14 மாதமாக வருகிறார். ஐம்பதைத் தாண்டியவர், தமௌலிபாஸ் மாநிலத்துக்காரர். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. "வலிக்குதா", "போதுமா" என்று நாலைந்து தமிழ் வார்த்தை கற்றுக்கொண்டு அத்தையிடம் அதிலேயே பேசுகிறார். இரண்டு வாரம் முன்பு எங்கள் கார் பழுதானதால் பிசியோதெரபிக்கு அவர் காரில் போனோம். முன்கண்ணாடிக்குக் கீழே கல்யாண உடை போட்ட ஒரு எலும்புக்கூட்டுச் சிலை, கையில் அரிவாள். சாவிக்கொத்தில் மீசைக்காரர் ஒருவரின் படம். என் கணவர் தேடிப் பார்த்துவிட்டு, இரண்டுமே போதைமருந்து கடத்துகிறவர்கள் கும்பிடும் சாமி என்கிறார். போலீஸ் வீடியோக்களும் காட்டினார். இந்த மாதத்தோடு நிறுத்திவிடலாம் என்கிறார். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அத்தை அந்தச் சிலையைப் பார்த்ததும் இடது கையை நெற்றிக்குக் கொண்டுபோய்க் கும்பிட்டார். இது உண்மையிலேயே கடத்தல்காரர்களின் தெய்வமா? வீட்டுக்கு ஆபத்து உண்டா? அவரிடம் எப்படிக் கேட்பது? பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியில் செய்ய வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரில் அந்தச் சிலை இருக்கிறது என்பதற்காக மட்டும் அவரை நிறுத்தாதீர்கள். நாட்டார் சமயம் பற்றிப் பாடம் நடத்தியும், இந்தச் சாமிகள் இருக்கும் தெருக்களில் அலைந்தும் பல வருடம் கழித்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். உங்கள் கணவர் படித்தது பொய் இல்லை. ஆனால் அவர் கண்ணில் பட்டது பாதிதான். மீதியை எழுதுகிறேன். படித்துவிட்டு அவரிடமும் கொடுங்கள்.

அந்தச் சிலையின் பெயர் சாந்தா முவெர்தே. புனித மரணம் என்று பொருள். ஸ்பானிஷில் சாவு என்ற சொல் பெண்பால், அதனால் சாமியும் பெண். ஒரு கையில் அரிவாள், மறு கையில் உலக உருண்டை அல்லது தராசு, காலடியில் பல நேரம் ஓர் ஆந்தை. கும்பிடுகிறவர்கள் முழுப் பெயரைச் சொல்லி அழைப்பது குறைவு. லா ஃப்ளாக்கீத்தா என்பார்கள், "அடி ஒல்லிப் பெண்ணே" என்று கொஞ்சுவது மாதிரி. லா நீன்யா பிளாங்கா, அதாவது வெள்ளைக் குழந்தை என்பார்கள். வீட்டில் வளர்ந்த பெண்ணைக் கூப்பிடும் குரல் அது. முதன்முதலில் அதைக் காதால் கேட்டபோதுதான் எனக்கே சில விஷயங்கள் பிடிபட்டன.

இது நேற்று முளைத்த சாமியும் இல்லை. 1797-இல், மெக்சிகோ ஸ்பெயினின் கீழ் இருந்த காலத்தில், சான் லூயிஸ் தே லா பாஸ் என்ற ஊரின் பூர்வகுடி மக்கள் ஓர் எலும்புக்கூட்டு உருவத்தைக் கயிற்றால் கட்டிவைத்து, கேட்டதைக் கொடுக்காவிட்டால் சாட்டையால் அடிப்போம் என்று மிரட்டியதாகத் திருச்சபையின் விசாரணை மன்றப் பதிவு இருக்கிறது. அப்புறம் நூறு, நூற்றைம்பது வருடம் எழுத்தில் தடமே இல்லை. 1940-களில் மானிடவியலாளர்கள் மறுபடி அவளைப் பார்க்கிறார்கள். யார் கையில் தெரியுமா? புருஷன் வேறு வீட்டுக்குப் போய்விட்ட பெண்கள் கையில். சிவப்பு மெழுகுவத்தி ஏற்றி, ஒன்பது நாள் ஜெபம் சொல்லி, போன ஆளைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லி வேண்டுவார்கள். அந்தப் பழைய ஜெபங்களில் கடத்தலும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. விட்டுப்போனவனை நினைத்து ராத்திரி தூங்காத பெண்தான் இருக்கிறாள்.

கெட்ட பெயர் வந்த வருடம் 1998. அந்த ஆகஸ்டில் தனியேல் அரிஸ்மெந்தி என்ற ஆள்கடத்தல்காரனைப் பிடித்தார்கள். கடத்திய ஆட்களின் காதை அறுத்துக் குடும்பத்துக்கு அனுப்பிப் பணம் கேட்டவன். ஊரே அவனைக் காதறுப்பான் என்று அழைத்தது. அவன் வீட்டில் சாந்தா முவெர்தே பீடம் ஒன்று இருந்தது. அது பத்திரிகைகளில் வந்ததும் நாடு முழுக்க அந்த உருவம் அவன் முகத்தோடு ஒட்டிக்கொண்டது. அதுவரை அலமாரிக்குள், கட்டில் தலைமாட்டில் ரகசியமாக இருந்த சாமியைப் பெரும்பாலான மெக்சிகோக்காரர்கள் முதலில் பார்த்ததே ஒரு குற்றவாளியின் வீட்டுச் சாமியாகத்தான்.

மூன்று வருடம் கழித்து, 2001 அக்டோபர் கடைசியில், மெக்சிகோ நகரத்தின் தெபித்தோ பகுதியில் கேசாதியா என்ற ரொட்டிப் பலகாரத்தைச் சுட்டு விற்றுக்கொண்டிருந்த என்ரிகேத்தா ரொமேரோ என்ற அம்மா ஒரு காரியம் செய்தார். மகன் கொடுத்த ஆள் உயரச் சிலையை வீட்டு வாசலில், கண்ணாடிப் பெட்டிக்குள், தெருவைப் பார்த்து வைத்தார். தொன்யா கேத்தா என்றுதான் எல்லாரும் அவரைச் சொல்வார்கள். தெபித்தோ திருட்டுப் பொருள் சந்தைக்கும் குத்துச்சண்டைக்காரர்களுக்கும் பேர்போன இடம். டாக்சிக்காரர்களே உள்ளே வரத் தயங்குவார்கள். அந்தத் தெருவில் மாதத்தின் முதல் தேதி மாலையில் ஜெபமாலை சொல்கிறார்கள். ஆயிரக்கணக்கில் கூட்டம்.

நான் அங்கே நின்ற ஒரு மாலையில் கண்டதைச் சொல்கிறேன். மெட்ரோ பக்கமிருந்து ஓர் இளைஞன் முழங்காலிலேயே நகர்ந்து வந்துகொண்டிருந்தான். நேர்த்திக்கடன். நெஞ்சோடு அணைத்தபடி கைக்குழந்தை அளவுக்கு ஒரு சிலை. அவன் மனைவியோ அக்காவோ, ஒரு பெண் இரண்டு அட்டைத் துண்டுகளை வைத்துக்கொண்டு அவன் முட்டிக்கு முன்னால் ஒன்றைப் போடுவதும், அவன் தாண்டியதும் பின்னால் கிடப்பதை எடுத்து மறுபடி முன்னால் போடுவதுமாகக் கூடவே குனிந்து நடந்தாள். அவள் முதுகு நிமிரவே இல்லை. கண்ணாடிக்கு முன்னால் வந்ததும் அவன் சுருட்டைப் பற்றவைத்துச் சிலையின் முகத்தில் புகையை ஊதினான். பக்கத்தில் ஒரு பாட்டி ஆப்பிளும் மிட்டாயும் வைத்தார். யாரோ தெக்கீலா மதுவைத் தரையில் ஊற்றினார்கள். கஞ்சா வாசமும் வந்தது, அதை மறைக்கவில்லை. ஜெபமாலை தொடங்கியபோது தொப்பியைக் கழற்றாத தலை ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே, அருள் நிறைந்த மரியே, எல்லாம் வரிசையாக வந்தன. சிறையில் இருக்கும் பிள்ளைகளுக்காக ஜெபமாலையின் பத்து மணிகளை உருட்டினார்கள், நோயாளிகளுக்காக இன்னொரு பத்து. சிறைக்காக வேண்டியபோது அழுத பெண்களை என்னால் எண்ணி முடிக்கவில்லை.

அங்கே திருடர்கள் இருந்தார்களா? நிச்சயம் இருந்திருப்பார்கள். அவர்களைப் பிடிக்கும் போலீஸ்காரர்களும் இருந்தார்கள், சீருடை இல்லாமல். டாக்சி ஓட்டுபவர்கள், பாலியல் தொழிலில் இருப்பவர்கள், மாதாகோயில் வாசலில் முறைத்துப் பார்க்கப்படும் திருநங்கைகள், ராத்திரி வேலை பார்க்கும் காவலாளிகள், பிள்ளைக்கு மருந்து கிடைக்காத தாய்மார்கள். இந்த வழிபாட்டைப் பல வருடமாக ஆராய்ந்துவரும் ஆண்ட்ரூ செஸ்நட் பக்தர்களின் தொகையை 1 கோடியிலிருந்து 1.2 கோடி வரை என்று மதிப்பிடுகிறார். பாதிக்குப் பாதி தள்ளிவிட்டு எண்ணினாலும் அத்தனை பேருக்கு வேலை கொடுக்கும் கடத்தல் கூட்டம் உலகத்தில் கிடையாது. உங்கள் ஊரிலேயே ஏதாவது ஒரு மெக்சிகன் மளிகைக் கடைக்குப் போய் மெழுகுவத்தி வரிசையைப் பாருங்கள். கண்ணாடிக் குவளைக்குள் வெள்ளை, சிவப்பு, பொன்நிறம், ஊதா, பச்சை, கறுப்பு என்று அவள் படம் போட்டு நிற்கும். பொன்நிறம் காசுக்கு, ஊதா உடம்பு குணமாக, பச்சை கோர்ட்டு வழக்குக்கு, கறுப்பு காவலுக்கும் சில சமயம் பழிவாங்கலுக்கும்.

குற்றவாளிகள் ஏன் அவளைத் தேடிப் போகிறார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். கோயில் புனிதரிடம் போனால் முதலில் மனந்திரும்பு என்பார். பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வா என்பார். சாவு அப்படி எதையும் கேட்பதில்லை. பணக்காரன், ஏழை, நல்லவன், கெட்டவன் என்று ஆள் பார்த்து வருவதும் இல்லை. எல்லாரையும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்கிறவள் எல்லாரையும் ஒரே மாதிரி கேட்டுக்கொள்ளவும் செய்வாள் என்பது பக்தர்களின் கணக்கு. நாளைக்கு உயிரோடு இருப்போமா என்று தெரியாத கூலிக் கொலைகாரனுக்கு இது பிடித்துப்போகிறது. அதே காரணத்துக்காகத்தான், கோயிலில் வாய் திறந்து சொல்ல முடியாத குறையோடு இருக்கும் ஒரு சாதாரணப் பெண்ணுக்கும் பிடித்துப்போகிறது. கதவு ஒன்றுதான். உள்ளே வருகிறவர்கள் வேறு வேறு ஆட்கள்.

இது அவளுக்கு மட்டும் உள்ள கதையும் இல்லை. புனித யூதா ததேயு கத்தோலிக்கத் திருச்சபையே ஏற்றுக்கொண்ட அப்போஸ்தலர். கைவிடப்பட்ட காரியங்களுக்கான புனிதர். மெக்சிகோ நகரத்தின் சான் இப்போலித்தோ கோயிலில் ஒவ்வொரு மாதமும் 28-ஆம் தேதி அவர் சிலையைத் தூக்கிக்கொண்டு கூட்டம் அலைமோதும். அதில் போலீஸ்காரரும் உண்டு, ஜேப்படிக்காரரும் உண்டு. கடத்தல்காரர்களைப் பிடிக்கும்போது அவர்கள் கழுத்தில் யூதா ததேயு பதக்கம் தொங்குவதும் வழக்கம்தான். அதற்காக அந்தப் பதக்கம் போட்ட ஆயாவை யாரும் வேலையை விட்டு நிறுத்தச் சொல்வதில்லை. எலும்புக்கூடு கண்ணுக்குப் பயங்கரமாக இருக்கிறது, அதனால் இங்கே மட்டும் நமக்குப் பதறுகிறது.

சரி, சாவிக்கொத்து மீசைக்காரர். கறுப்பு மீசை, வெள்ளைச் சட்டை, கழுத்தில் கட்டிய துணி என்றால் அது ஹெசூஸ் மல்வெர்தேதான். சினலோவா மாநிலத்தின் தலைநகரான குலியாகானில் அவருக்குக் கோயில் இருக்கிறது. கதை இப்படிப் போகும்: 1870-இல் பிறந்தவர், ரயில் பாதை போடும் வேலையிலோ தச்சு வேலையிலோ இருந்தவர், அப்பா அம்மா பசியால் செத்த கோபத்தில் கொள்ளைக்காரர் ஆனவர். பண்ணையார்களிடம் பிடுங்கி ஏழைகளுக்குக் கொடுத்தார். 1909 மே 3-ஆம் தேதி பிடித்துத் தூக்கில் போட்டு, புதைக்கக் கூடாது என்று ஆளுநர் கன்யேதோ உத்தரவு போட்டார். உடம்பு மரத்திலேயே தொங்கியது. எலும்பு கீழே விழுந்தபோது போகிறவர் வருகிறவர் எல்லாம் ஆளுக்கொரு கல்லை எறிந்தார்கள். பார்த்தால் அவமதிப்பு மாதிரி இருக்கும், உண்மையில் அப்படித்தான் அவரை அடக்கம் செய்தார்கள். அடுத்த மாதமே கன்யேதோ செத்துப்போனார்.

கன்யேதோ இருந்ததற்கும் அந்த ஜூனில் இறந்ததற்கும் சான்று உண்டு. மல்வெர்தே என்று ஒருவர் இருந்ததற்கு உறுதியான சான்று கிடையாது. அவர் முகம்கூட அவருடையது இல்லை. சிற்பியிடம் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லவேண்டி வந்தபோது, சினலோவாக்காரர்களின் செல்லப்பிள்ளையான நடிகர் பெத்ரோ இன்ஃபாந்தே மாதிரி செய்யச் சொல்லிவிட்டார்கள். கழுவேற்றிய காத்தவராயனுக்குப் படையல் போடும் ஊரிலிருந்து வந்த நமக்கு, அநியாயமாகச் செத்தவனைச் சாமியாக்கும் மனசு புதிது இல்லை. உங்கள் அத்தை கையை நெற்றிக்குக் கொண்டுபோனதில் நீங்கள் கூச்சப்பட எதுவும் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கல் குவிந்த அந்த இடத்தில் அரசாங்கம் கட்டடம் கட்ட வந்தபோது ஊர் எதிர்த்தது. இயந்திரங்கள் பழுதாகின என்று இன்றைக்கும் சொல்வார்கள். கொஞ்சம் தள்ளி, ரயில் பாதையை ஒட்டி, எலிஹியோ கொன்சாலெஸ் என்ற டிரைவர் 1970-களில் கோயிலை எழுப்பினார். தாக்கப்பட்டுச் சாகக் கிடந்து பிழைத்தவர், அதற்கான நேர்த்திக்கடன். உண்டியல் காசில் ஏழைகளுக்குச் சவப்பெட்டியும் சக்கர நாற்காலியும் கொடுத்து வந்தார். அந்தக் கோயில் சுவர்களில் ஒட்டியிருப்பதைப் படிக்க எனக்கு அரைநாள் பிடித்தது. அறுவை சிகிச்சைக்குப் போகும் குழந்தையின் படம். எல்லை தாண்டிப் போன அண்ணன் போன் செய்துவிட்டான் என்ற நன்றி. கடனில் வாங்கிய லாரியின் படம். இறால் பிடிக்கிறவர்கள் முதல் மகசூலில் கொஞ்சத்தைப் பாட்டிலில் போட்டு வைத்திருந்தார்கள். அதே சுவரில் குடும்பப் பெயர் மட்டும் பொறித்து, "சினலோவாவிலிருந்து கலிபோர்னியாவரை வழி காட்டியதற்கு" என்ற மாதிரி விலையுயர்ந்த பலகைகள். அவை எதற்கு நன்றி என்று அங்கே யாரும் விளக்கவும் இல்லை, நானும் கேட்கவில்லை. சினலோவா கடத்தல்காரர்கள் அவரைத் தங்கள் காவல்தெய்வமாக எடுத்துக்கொண்டது உண்மை. அவர்கள் வருவதற்கு முன்பே அவர் அந்தச் சுவரில் இருந்தார் என்பதும் உண்மை.

உங்கள் கணவர் தரப்பில் நிற்கும் உண்மைகளையும் நான் மறைக்கப் போவதில்லை. 2012-இல் சொனோரா மாநிலத்தின் நாகோசாரியில் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் சாந்தா முவெர்தேக்குப் பலி என்று சொல்லி ஒரு பெண்ணையும் பத்து வயதுச் சிறுவர்கள் இருவரையும் கொன்றதாகக் கைதானார்கள். நினைத்தாலே வயிறு கலங்கும். அவள் பெயரில் மெக்சிகோ நகரத்தில் சபை நடத்திய தாவித் ரொமோ ஆள்கடத்தல் வழக்கில் 2011-இல் கைதாகி, மறு வருடம் 66 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார்.

இன்னும் மோசமான ஒன்று உண்டு. மிச்சோவகான் மாநிலத்தில் நசாரியோ மொரேனோ என்ற கடத்தல் தலைவன் 2010 டிசம்பரில் செத்துவிட்டான் என்று அரசாங்கம் அறிவித்தது. சாகவில்லை. மறைந்திருந்தான். அந்த நாட்களில் ஊர் ஊராக நடுக்கால வீரன் போலக் கவசம் போட்ட அவன் சிலைகள் முளைத்தன. சான் நசாரியோ, அதாவது புனித நசாரியோ என்று ஜெபம் அச்சடித்துக் கொடுத்தார்கள். மக்களிடம் கப்பம் வாங்கிய அதே கூட்டம், அவனைக் கும்பிடவும் மக்களிடம் சொன்னது. 2014 மார்ச்சில் ராணுவம் நிஜமாகவே அவனைச் சுட்டுக் கொன்றது. கடத்தல்காரர்களின் சாமி என்ற பெயர் முழுதாகப் பொருந்துவது இந்த மாதிரிச் சாமிக்குத்தான், ஏனென்றால் அதைச் செய்ததே அவர்கள். ஒருவேளை உங்கள் வீட்டுக்கு வருகிறவரின் காரில் சான் நசாரியோ சிலை இருந்திருந்தால் நானும் இரண்டு முறை யோசித்திருப்பேன்.

ஆனால் அவர் தமௌலிபாஸ்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில்தான் நான் நெடுநேரம் நின்றேன். 2009 மார்ச்சில் அந்த மாநிலத்தின் எல்லை நகரமான நுவேவோ லாரேதோவில், சாலையோரம் இருந்த சாந்தா முவெர்தே கோயில்கள் முப்பதுக்கும் மேற்பட்டவற்றைப் புல்டோசர் வைத்து இடித்தார்கள். கடத்தல்காரர்களின் நம்பிக்கையை உடைக்கிறோம் என்பது எண்ணம். கடத்தல் நிற்கவில்லை. மறு வருடம் ஆகஸ்டில் அதே மாநிலத்தின் சான் ஃபெர்னாந்தோவில், வேலை தேடி வடக்கே வந்துகொண்டிருந்த 72 பேரின் உடல்கள் ஒரே கொட்டகையில் கிடந்தன. அந்த மண்ணிலிருந்து வரும் ஐம்பது வயதுப் பெண் யார் யாரைப் பறிகொடுத்திருப்பார், யார் திரும்பி வராமல் போனார் என்று நமக்குத் தெரியாது. அங்கே பலருக்குச் சாவு அக்கம்பக்கத்து வீடு மாதிரி. அதனோடு சமாதானமாக இருக்க வேண்டும் என்று ஒருவர் நினைத்தால் அதில் எனக்கு வியப்பு இல்லை.

அவர் அதை உங்களிடம் சொல்லாததிலும் வியப்பு இல்லை. வாட்டிகனின் பண்பாட்டுத் துறைத் தலைவராக இருந்த கர்தினால் ரவாசி 2013-இல் இந்த வழிபாட்டைத் தெய்வநிந்தனை என்றார். 2016-இல் மெக்சிகோ வந்த போப் பிரான்சிஸ் ஆயர்களிடம் சாவுச் சின்னங்களைக் கொண்டாடும் போக்கைப் பற்றி எச்சரித்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவர்களே இந்தச் சிலையைச் சாமியாரிடமிருந்தும் சொந்த அண்ணன் தம்பியிடமிருந்தும் மறைத்து வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். வேலை கொடுத்தவர்களிடம் சொல்வார்களா?

கணவர் காட்டிய போலீஸ் வீடியோ பற்றி ஒன்று. அமெரிக்காவில் போலீஸ்காரர்களுக்கு இந்தச் சாமிகளை அடையாளம் காணப் பயிற்சி வகுப்பே நடக்கிறது. அது எங்கே போய் முட்டியது என்று பாருங்கள். 2011-இல் நியூ மெக்சிகோவில் ஒரு வண்டியை நிறுத்தினார்கள். அதிகாரி விசாரித்துக்கொண்டிருந்தபோது உள்ளே இருந்த பெண் சாந்தா முவெர்தே ஜெபம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டியின் ரகசிய அறையில் கிட்டத்தட்ட ஒரு கிலோ மெத் என்ற போதைமருந்து இருந்தது. வண்டி எங்களுடையது இல்லை, உள்ளே இருந்தது தெரியாது என்பது அவர்கள் வாதம். வழக்கில் டெக்சஸைச் சேர்ந்த மார்ஷல் ஒருவர், அதாவது மத்திய அரசின் காவல் அதிகாரி, நிபுணராக வந்து, அந்த ஜெபத்துக்கும் கடத்தலுக்கும் தொடர்பு உண்டு என்று ஜூரியிடம் சொன்னார். தண்டனை ஆனது. 2014 ஜூலையில் டென்வரில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இத்தனை பேர் கும்பிடும் ஒரு சாமியின் ஜெபத்தைச் சொன்னதிலிருந்து ஒருவர் கடத்தல்காரர் என்று எந்த முறையில் கண்டுபிடித்தீர்கள் என்பதற்கு அந்த நிபுணரிடம் நம்பத் தகுந்த அடிப்படை எதுவும் இல்லை என்றது. சரக்கு கையோடு பிடிபட்ட வழக்கிலேயே அந்த ஜெபத்தைச் சாட்சியாக ஏற்கவில்லை. சரக்கே இல்லாத உங்கள் வீட்டில் அதை எப்படிச் சாட்சியாக வைப்பது?

போலீஸ்காரருடைய தவறு எங்கே நடக்கிறது என்றால், அவர் நாள் முழுக்கப் பார்ப்பது பிடிபட்டவர்களை. பிடிபட்டவர்களில் நிறையப் பேரிடம் அந்தச் சிலை இருக்கிறது. சிலை இருக்கிறவர்களில் நிறையப் பேர் கடத்துகிறார்கள் என்று அதைத் திருப்பிப் போட்டுவிடுகிறார். சிலை வைத்திருந்து, வேலைக்குப் போய்விட்டு, வீட்டுக்கு வந்து தூங்குகிற லட்சக்கணக்கானவர்களை அவர் நிறுத்திப் பார்க்கவே இல்லையே.

வீட்டின் பாதுகாப்பு பற்றிய உங்கள் கணவரின் கவலையை நான் தள்ளிவிடவில்லை. படுக்கையில் இருக்கும் ஒருவரை வெளியாள் கையில் விடும்போது எந்த மகனுக்கும் அது வரும். அதைச் சரியான இடத்தில் காட்டுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஏஜென்சியைக் கூப்பிட்டு, வேலைக்கு எடுக்கும்போது குற்றப் பின்னணி சரிபார்த்தீர்களா, எப்போது பார்த்தீர்கள் என்று கேளுங்கள். டெக்சஸில் அது கட்டாயம். முதியோர், நோயாளிகளைப் பராமரிக்கும் வேலையில் தவறாக நடந்தவர்களின் பதிவேடு ஒன்றை மாநில அரசு வைத்திருக்கிறது. இணையத்தில் நீங்களே பெயர் போட்டுப் பார்க்கலாம். அத்தைக்கு வலி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? இருந்தால், எத்தனை இருக்கிறது என்று எண்ணி எழுதிவைத்து, பூட்டி வையுங்கள். சிலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், யார் வேலைக்கு வந்தாலும் அதைச் செய்யத்தான் வேண்டும். அத்தையின் உடம்பில் புரியாத காயம், சொல்லாமல் வீட்டுக்கு வந்துபோகும் ஆட்கள், குறைந்துகொண்டே வரும் கைச்செலவுப் பணம் என்று ஏதாவது கண்ணில் பட்டால் அன்றைக்கே நடவடிக்கை எடுங்கள். 14 மாதத்தில் அப்படி ஒன்று நடந்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. இன்னொன்று: 15 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் மதத்தைக் காரணமாக வைத்து ஒருவரை நீக்குவது சட்டப்படி தப்பு. "இந்தச் சாமி கும்பிடுகிறவர் வேண்டாம்" என்று ஏஜென்சியிடம் சொன்னால் அவர்களை அந்த இக்கட்டில்தான் தள்ளுவீர்கள்.

அவரிடம் எப்படிக் கேட்பது? கணவரும் நீங்களும் சேர்ந்து உட்காரவைத்துக் கேட்காதீர்கள், விசாரணை மாதிரி ஆகிவிடும். அத்தைக்குச் சாப்பாடு கொடுத்து முடித்து அவர் காபி குடிக்கும் நேரத்தில், நீங்கள் மட்டும், "காரில் உங்கள் நீன்யா பிளாங்காவைப் பார்த்தேன், எத்தனை வருஷமாகக் கும்பிடுகிறீர்கள்?" என்று கேளுங்கள். சாந்தா முவெர்தே என்று சொல்லாமல் அந்தச் செல்லப் பெயரைச் சொல்லுங்கள். பயமுறுத்த வரவில்லை என்பது அதிலேயே அவருக்குப் புரிந்துவிடும். முதலில் முகம் வெளுக்கலாம், வேலை போய்விட்டது என்று நினைத்து. கொஞ்சம் பொறுங்கள். மல்வெர்தே சினலோவாக்காரர்களின் சாமி; தமௌலிபாஸ்காரரிடம் அவர் படம் எப்படி வந்தது என்று கேட்டால், அதற்கும் ஒரு கதை இருக்கும், மகனோ மருமகனோ கொடுத்ததாக இருக்கலாம். சிலையை மட்டும் கையில் எடுத்துப் பார்க்காதீர்கள். அடுத்தவர் தொடுவதைப் பலர் விரும்புவதில்லை.

பேசும்போது அத்தையும் அங்கேயே இருக்கட்டும். பகல் முழுக்க அவரோடு இருப்பது நீங்களும் உங்கள் கணவரும் இல்லை, அந்த அம்மாதான். பாதிப் பேச்சில் இருவருக்குள்ளும் என்னென்ன பேசிக்கொண்டார்கள் என்று நமக்குத் தெரியாது. அந்தச் சிலையைக் காரில்தான் அத்தை முதல்முதலாகப் பார்த்தார் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எதற்கும் அவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.